பெஞ்சில் பாதி இடம்

என் அப்பா இரண்டு முறை செத்துப்போனார். முதல் முறை போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். அது எங்களுக்குத் தெரியவந்த நாளில்தான் இந்தக் கூத்தெல்லாம் நடந்தது.

அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனைக் குழிக்குள் நீளமான சாவியை விட்டுத் திருகி, ஒவ்வொரு தெருவுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. அதனால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அவர் பெயர் வால்வு. மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருப்பார். சாப்பாடு நின்றுகொண்டு, பேப்பர் நடந்துகொண்டு. கல்யாணத்தன்று எடுத்த ஒரே போட்டோவில்கூட, சரியாகப் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து அசைந்துவிட்டார். அதில் அம்மா மூக்கும் முழியுமாகத் தெளிவாக இருக்கிறாள். அப்பா இருக்கவேண்டிய இடத்தில் சட்டை போட்ட புகை ஒன்று இருக்கிறது. “உங்கப்பா என் பக்கத்துல ஒழுங்கா உக்காந்ததே இல்ல, போட்டோவுலகூட” என்பது அம்மாவின் ஆயுட்காலப் புகார்.

போனதும் அப்படித்தான் போனார். காலையில் வெளியே கிளம்ப ஒரு செருப்பை மாட்டியவர், இன்னொன்றை மாட்டவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து பென்ஷன் ஆபீசுக்குப் போனோம். இறந்த மாதத்தில் அவர் உயிரோடு இருந்த நாட்களுக்கு ஏதோ கொஞ்சம் பாக்கி வரும், அதை அம்மா பெயருக்கு வாங்கவேண்டும். பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தோம். போனது அம்மா, அண்ணன், நான். அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கர். எதற்கெடுத்தாலும் ‘சட்டப்படி பார்த்தா’ என்றுதான் வாயைத் திறப்பான். அதனால் வீட்டில் அவனுக்குச் சட்டம் என்றே பெயர் வைத்துவிட்டோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நாள் முழுக்க அடுத்தவர் தப்புக்கு அதை மிதித்து மிதித்து எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது என்பார்கள். இல்லை, அது அப்பா கொடுத்த சொத்து.

கண்காணிப்பாளர் நல்ல மாதிரி. தலை நரைத்த அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர். நாங்கள் கொடுத்த இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

“எங்க கணக்குல இவர் போன வருஷமே தவறிட்டாரேம்மா,” என்றார்.

அண்ணன் சட்டப்படி அது முடியாது என்றான். நான் போன மாதம்தான் அவர் என் கார் டயரில் காற்று குறைவு என்று என்னைத் திட்டினார் என்றேன். கண்காணிப்பாளர் திரையை எங்கள் பக்கம் திருப்பாமல், அதில் இருந்ததை நிதானமாக வாசித்தார். ஆயுள் சான்று கொடுக்கும் மாதத்தில் பென்ஷன்தாரர் இறந்ததாகக் கவுண்ட்டரில் நேரில் தகவல் வந்திருக்கிறது. தகவல் சொன்னவர் வயதான ஆண். உறவுமுறை சொல்ல மறுத்துவிட்டார். மிகவும் கோபமாகக் காணப்பட்டார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

அப்போது கவுண்ட்டரில் இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். தலை நிமிராமல், வரிசையில் வருகிற எல்லோரிடமும் பென்ஷன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு “ஆள் இருக்காரா, போயிட்டாரா?” என்று கேட்பது அவர் வழக்கமாம். கண்காணிப்பாளர் அதைச் சங்கடத்தோடு சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“முன்னாடி நிக்கற மனுசன்கிட்டயே இருக்காரா போயிட்டாரான்னு கேட்டா? போயிட்டார்னு சொல்லிட்டு வந்திருப்பார். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா.”

அப்பா பிடித்த பிடி குரங்குப் பிடி. வீம்புக்குச் சொல்லிவிட்டு வந்தவர், பென்ஷன் நின்றதும், திரும்பிப் போய் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று அந்த ஜன்னலில் தலையை நீட்டுவாரா? செத்தாலும் செய்யமாட்டார். செய்யவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் நிஜமாகவே செத்ததற்குச் சான்றிதழ் வந்துவிட்டதால், அதுவரை உயிரோடு இருந்தார் என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. நிறுத்திவைத்த பென்ஷன் முழுவதும், ஒரு வருஷத்துக்கு மேலான பாக்கி, அம்மாவுக்குச் சேரவேண்டியது என்று கண்காணிப்பாளர் சொன்னார். அண்ணன் முகம் குழல்விளக்கு மாதிரி விட்டுவிட்டு எரிந்து பிறகு பளிச்சென்று நின்றது. ஒரு உறுதிமொழியில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். பென்ஷன்தாரர் அந்தக் காலத்தில் வேறு எந்த ஊதியப் பணியிலும் இருக்கவில்லை என்று நான் அறிந்தவரை உறுதி கூறுகிறேன், அவ்வளவுதான்.

அம்மா பேனாவை வாங்கினாள். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

“பென்ஷன் வரலைன்னா, மாசா மாசம் கவர்ல வெச்சு என் கையில குடுத்தாரே, அது ஏது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டத்துக்கும் உறைத்திருக்கவேண்டும். மாதம் பிறந்தால் அப்பா ஒரு கவரை அம்மா கையில் திணிப்பார். போன வருஷத்திலிருந்து கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, பிடித்தம் என்றார். நோட்டுகள் பழசாகவும் சில்லறையாகவும் இருந்தன. பேங்கில் இப்போதெல்லாம் இப்படித்தான் தருகிறான் என்றார். அம்மா நம்பினாள். நாங்களும்தான்.

அண்ணன் குனிந்து அம்மா காதருகில், அது என்னவாகவோ இருக்கட்டும், அறிந்தவரை என்றுதானே போட்டிருக்கிறது, உனக்குத்தான் ஒன்றும் தெரியாதே, சட்டப்படி ஒரு தப்பும் இல்லை என்று ஓதினான். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. அவள் கண்காணிப்பாளரைப் பார்த்துப் பேசினாள்.

“தினமும் கழுத்து வலின்னு வருவார். இடுப்பு பிடிச்சுக்கும். சட்டைக் கையில கரி. வாக்கிங் போறவருக்கு எதுக்குக் கரின்னு நான் ஒரு நாளும் கேக்கலை. தைலத்தைத் தேச்சுவிட்டு, ஊர் சுத்தாதீங்கன்னு திட்டினேன். என்னை உக்கார வெச்சுச் சோறு போடறதுக்கு இந்த மனுசன் எங்கயோ மூட்டை தூக்கியே செத்திருந்தார்னா, இந்தக் காசு எனக்கு எதுக்கு? அது தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவள் குரல் உடையவில்லை.

கண்காணிப்பாளர் அம்மாவைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மாதக் கடைசி, இன்று மாலைக்குள் ஏற்றாவிட்டால் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும் என்றார். அங்கே போன கோப்பு என்ன ஆகும் என்று வாயால் சொல்லாமல், கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். நான் ஆபீஸ் மூடுவதற்குள் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். எங்கே போய் எதைக் கொண்டுவரப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கால் துறுதுறுவென்றது. அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார். நானா விடுவேன்?

முதலில் வீடு. அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையை அம்மா துவைக்காமல் மடித்து வைத்திருந்தாள். அதன் கைமடிப்பில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது; பையில் சாம்பல் நிறத்தில் களிமண் மாதிரி ஒரு உருண்டை. அழுத்தினால் அழுந்தியது, இழுத்தால் இழுபட்டது. அண்ணன் ஜன்னல் கண்ணாடி ஒட்டுகிற மக்கு என்றான், ஆகவே கட்டட வேலை என்றான். அம்மா உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணனை முறைத்தேன். காரில் இருந்திருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன்.

தெருமுனை டீக்கடைக்காரர் அப்பாவுக்கு நெருக்கம். அப்பா எங்கே போவார் என்று கேட்டதும் அவர் கிளாஸ் கழுவுவதில் தீவிரமாகிவிட்டார். நான் விடவில்லை. அம்மா காரிலிருந்து இறங்கி வந்து சும்மா நின்றாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. வால்வு அண்ணன் வாக்கிங் எல்லாம் போனதில்லை, டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார், பாலம் ஸ்டாப்பில் இறங்குவார், சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அங்கே என்ன வேலை என்பது மட்டும் அவருக்கும் தெரியாது.

பாலத்தை நோக்கி வண்டியை விட்டேன். பயிற்சிக் காரில் ஒரு சௌகரியம் உண்டு. முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுத்தைப் பார்த்தால் தண்ணி லாரிகூடப் பயந்து ஒதுங்கும். இடது பக்கம் சந்து கிடைத்தாலும் வலது பக்கம் சந்து கிடைத்தாலும் புகுந்து போனேன். பின் சீட்டில் அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சட்டப்படி இது ஒருவழிப் பாதை என்று முனகினான். அம்மா முன்னால், சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பாலத்துக்குக் கீழே முதலில் கண்ணில் பட்டது கரிக் கிடங்கு. சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தது. முதுகில் மூட்டையோடு ஒருவர் குனிந்து நடந்துபோனார், அப்பா வயது இருக்கும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இறங்க வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் அவள் எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

கிடங்குக்காரரிடம் பென்ஷன் புத்தகத்தில் இருந்த அப்பா படத்தை நீட்டினேன். பார்த்த உடனே அவர் முகம் சுளித்தது.

“இந்த ஆளா? தினமும் காலையில வந்து, உன் வாசல் குழாய் சொட்டுது, ஊர்த் தண்ணியெல்லாம் வீணாப்போகுதுன்னு என்னைத் திட்டிட்டுத்தான் எதிர்ல போவார். ஒரு மாசமா நிம்மதியா இருக்கேன்.”

எதிரில் பழைய சேமிப்புக் கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். உயரமான ஜன்னல்கள், பெயர்ப் பலகை இல்லை, வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள். நாங்கள் மூவரும் கிட்டத்தட்ட ஓடினோம். எழுபது வயதில் அம்மா ஓடி அன்றுதான் பார்த்தேன். உள்ளே நீளமான நடை, இருட்டிலிருந்து வந்தது போல் கண் கூசும் வெளிச்சம். நடையில் திரும்பினோம்.

சுவர் முழுக்க அப்பா.

ஒன்றா, இரண்டா. பெரிசாக, சின்னதாக, கரியில், பென்சிலில், சாயத்தில். நேராகப் பார்க்கிற அப்பா. கன்னத்தைக் கையில் தாங்கிய அப்பா. முதுகு மட்டும். கை மட்டும், அந்த நீளச் சாவியைத் திருகித் திருகிக் காய்த்துப்போன கட்டைவிரலோடு. காதோரம் இருக்கிற மச்சம் ஒருவருக்கும் தப்பவில்லை. ஒரு படத்தில் செருப்பை மட்டும் வரைந்திருந்தார்கள், அதுவும் அப்பாதான் என்று சத்தியம் செய்வேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எதற்கு முதலில் இடம் கொடுப்பதென்று தெரியாமல் அண்ணன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். சட்டத்துக்கு அன்று எந்தப் பிரிவும் ஞாபகம் வரவில்லை.

அம்மா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நின்று போனாள். விரலை நீட்டி, தொடாமல் மடக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஒரு பெண் வந்தார். கொண்டையில் பென்சில் செருகியிருந்தது, கையெல்லாம் கரி. ஓவியப் பள்ளி நடத்துகிறவர் அவர்தான். எங்களை யாரென்று கேட்கவில்லை. என் மூக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வால்வு ஐயாவின் மகளா என்றார். எங்கே அவர், எங்கள் மேல் கோபமா, ஒரு மாதமாக வரவில்லையே என்றும் கேட்டுவிட்டார். நாங்கள் சொன்னோம். அந்தப் பெண் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்களில்கூட இத்தனை பேர் அழவில்லை.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டோம். ஒரு நாள் அப்பா அந்தப் பக்கமாகப் போகும்போது வாசல் குழாய் இணைப்பில் கசிவு தெரிந்திருக்கிறது. கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, எல்லோரையும் திட்டி, அதைச் சரிசெய்து, கையைத் துடைக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வரைந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஐயா ஐயா, அப்படியே இருங்க, அசையாதீங்க என்று கெஞ்சியிருக்கிறார்கள். இருந்துவிட்டார். போகும்போது பிள்ளைகள் தங்களுக்குள் காசு போட்டு அவர் பையில் வைத்தார்கள். மறுநாள் அவரே வந்தார். காலையில் ஒரு வகுப்பு, பிற்பகலில் ஒரு வகுப்பு, விடுமுறை தவிர எல்லா நாளும். உட்காருகிற ஒவ்வொரு முறைக்கும் அன்றன்றைக்குக் காசு. பிள்ளைகள் டப்பாவில் போட்டு வைத்ததை அப்படியே எடுத்துக் கொடுப்பார்களாம். சில்லறை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. சட்டைப் பையில் இருந்த உருண்டையை நான் காட்டினேன். கரியைத் தொட்டெடுத்து அழிக்கிற ரப்பர் அது. எந்தப் பிள்ளையோ கீழே போட்டதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பார் என்றார்.

“உக்காந்தாரா?” என்று அம்மா கேட்டாள்.

“உக்காந்துதாம்மா இருந்தார்.”

“அசையாமலா? இவரா?”

அவரை மாதிரி அசையாமல் உட்காருகிறவர் இந்தப் பள்ளிக்கு இதுவரை வந்ததில்லை என்று டீச்சர் சொன்னார். எப்படி முடிகிறது என்று பிள்ளைகள் கேட்டார்களாம். உடம்புதான் இங்கே உட்கார்ந்திருக்கிறது, மனசுக்குள் தெருத்தெருவாக வால்வு திறந்துகொண்டு போகிறேன், கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரும்போது உங்கள் மணி அடிக்கிறது என்றாராம். கழுத்து வலி மூட்டையால் வந்ததில்லை. மணிக்கணக்காகத் தலையை ஒரே பக்கம் திருப்பி வைத்திருந்ததால் வந்தது.

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அப்பா போன நாளிலிருந்து அவள் நெஞ்சில் கனத்த கல் ஒன்று இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூட்டை இல்லை, கடன் இல்லை, திருட்டு இல்லை. மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்திருக்கிறார், அதுவும் வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஒளித்து ஒளித்து.

எனக்குக் கடிகாரம் ஞாபகம் வந்தது. டீச்சர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். மை காய்வதற்குள் அம்மாவைக் கிளப்பினேன். கிளம்பும்போது டீச்சர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதைப் பார்க்க இன்னொரு நாள் கட்டாயம் வரவேண்டும் என்றார். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினாள்.

திரும்பி வந்த வேகத்தைப் பற்றி நான் எழுதக்கூடாது, என் உரிமம் முக்கியம். அண்ணன் ஒரு முறைகூட சட்டம் பேசவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டி வழி கேட்டுக்கொண்டு வந்தான். ஆபீஸ் வாசலில் காவலாளி ஒரு கதவைச் சாத்திவிட்டு அடுத்ததில் கை வைத்திருந்தார். அண்ணன் தன் பெருத்த உடம்பை நடுவில் நுழைத்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து அவன் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை எங்களைக் கொல்கிறான்.

கண்காணிப்பாளர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கழற்றி வைத்தார். டீச்சர் எழுதியதைப் படித்தார். அண்ணன் மென்று விழுங்கி, கேட்கவேண்டியதைக் கேட்டான்: இது வேலையில் சேருமா, சேராதா. அண்ணனை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது, ஆனால் அவன் கேட்டிருக்காவிட்டால் அம்மா கேட்டிருப்பாள்.

கண்காணிப்பாளர் யோசித்தார். யாராவது பணி நியமனம் கொடுத்தார்களா, மாதச் சம்பளம் உண்டா, பதவி என்று ஏதாவது உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றோம். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“பதவியும் இல்ல, சம்பளமும் இல்ல. விதி கேக்கறது அதைத்தான். நடந்ததை நடந்த மாதிரியே கீழ உங்க கையால எழுதிடுங்கம்மா, நான் ஏத்துக்கறேன். ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கறதுக்குத்தான் நாங்களும் பென்ஷன் தர்றோம். அவர் ரெண்டு இடத்துல உக்காந்திருக்கார், அவ்வளவுதான்.”

அம்மா அந்த உறுதிமொழிக்குக் கீழே தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: என் கணவர் படம் வரையும் பிள்ளைகளுக்கு எதிரில் உட்கார்ந்தார், அவர்கள் அன்றன்று காசு கொடுத்தார்கள், அதில் நாங்கள் சாப்பிட்டோம். எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கண்காணிப்பாளர் முத்திரையைக் குத்தின சத்தம் அந்தக் காலி ஆபீசில் நன்றாகக் கேட்டது. குடும்ப ஓய்வூதியத் தாளையும் அப்போதே வாங்கிக்கொண்டார். பாக்கியும் பிறகு தாமதமில்லாமல் வந்தது. அதை வைத்து அம்மா செய்த முதல் காரியம், அந்தக் கரிக் கிடங்கின் வாசல் குழாயை ஆள் வைத்து மாற்றியது. கிடங்குக்காரர் கும்பிட்டாராம்.

ஆனால் அது பிறகு. அடுத்த வாரமே அம்மாவை ஓவியப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். தலை சீவி, நல்ல புடவை கட்டி, ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி அவள் தயாரானதைப் பார்த்து நான் கிண்டல் செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

டீச்சர் உள் அறைக்கு அழைத்துப்போனார். சுற்றிலும் மாணவர்களின் பலகைகள், நடுவில் ஒரு மர பெஞ்ச். பலகைகளில் எல்லாம் ஒரே படம், பாதி வரைந்து நின்றது. பெஞ்சின் வலது பாதியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். முதுகு நிமிர்ந்து, கை மடியில், முகம் இடது பக்கம் லேசாகத் திரும்பி. இடது பாதி வெறும் தாள்.

இருவர் உட்கார்ந்தால் வரையலாம் என்று டீச்சர்தான் கேட்டாராம். வேறு ஒரு ஆளை ஏற்பாடு செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“வேற யாரும் வேண்டாம், வீட்டம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை, கொஞ்ச நாள் குடுங்கன்னார். அவங்க வர்ற வரைக்கும் என் பாதியை வரைஞ்சுக்கங்கன்னு சொல்லி உக்காந்துட்டார். கடைசியா வந்த அன்னைக்கு, நாளைக்கு உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனார்மா.”

ஒரு செருப்பை மாட்டியவர் இன்னொன்றை மாட்டாமல் போன காலை எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் வழக்கத்துக்கு விரோதமாக வாசலில் நின்று “இந்தாம்மா” என்று உள்ளே பார்த்து ஒரு முறை கூப்பிட்டார். அம்மா குக்கர் சத்தத்தில் வர்றேன் வர்றேன் என்று கத்தினாள். அவள் வந்து பார்க்கும்போது அவர் விழுந்து கிடந்தார். என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று அவள் ஒரு மாதமாக எங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். யாரும் சொல்லாமலே பெஞ்சின் இடது பாதியில் போய் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிள்ளைகள் ஒரு சத்தமும் இல்லாமல் பலகைகளுக்கு முன்னால் போய் நின்று கரியைக் கையில் எடுத்தார்கள். நான் கதவருகே நின்றேன்.

தயாரா அம்மா என்று டீச்சர் கேட்டார். அம்மா சற்று இருங்கள் என்பது போல் கையைக் காட்டிவிட்டு, வலது பக்கம் திரும்பினாள். பெஞ்சின் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இந்தத் தடவை மட்டும் அசைஞ்சீங்கன்னா பாருங்க.”